கேட்டுவிட்டுப் படம் எடுத்தவர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரைப் பற்றிய எதையும் அவரைக் கேட்காமல் நாலு பேர் பார்வைக்கு வைக்கக் கூடாது என்பது அவர் கடைப்பிடித்த விதி. கேட்டுக்கொள்ளலாம் என்றால் அவர் இப்போது தூத்துக்குடியில் இல்லை. அவருடைய கணவர் துறைமுகத்தில் கிரேன் இயக்கியவர். குஜராத்துப் பக்கம் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். பழைய எண்ணில் மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. ஆகவே மில்லர்புரம் முழுதும் அவரை எப்படிச் சொல்லிற்றோ, அப்படியே கேமராக்காரம்மா என்று நானும் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தைந்து வயது இருக்கும். பருத்திப் புடவை, அதன்மேல் ஏழெட்டுப் பைகள் தைத்த காக்கிச் சட்டை, காலில் கான்வாஸ் ஷூ. ஆலயத்துக்குள் வரும்போது ஷூவைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஓசையில்லாமல் நடப்பார். அவருடைய கடை ஒரு மாவு மில்லின் மாடியில் இருந்தது. கீழே மில் ஓடிக்கொண்டிருப்பதால் அங்கே எந்த இரகசியத்தையும் உரக்கத்தான் பேச வேண்டும். கல்யாணப் படம் வாங்கப் போகிறவர்கள் தோளில் மெல்லிய மாவுப் படலத்தோடு திரும்புவார்கள். தெருவில் பார்த்தவுடனே எங்கே போய்விட்டு வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

நான் அவரை முதலில் பார்த்தது என் பணி ஓய்வு விழாவில். கப்பல் முகமை நிறுவனம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, தலைமை அலுவலராக ஓய்வு பெற்றேன். சரக்கைப் பெறவேண்டியவரின் ஒப்பமில்லாமல் ஒரு மூட்டையைக்கூடத் துறைமுக வாயிலைத் தாண்ட விட்டவனல்லன் என்று அன்று மேடையில் பேசிய அனைவரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட. மாலையும் பொன்னாடையும் சூட்டி என்னை உட்கார வைத்திருந்தபோது இந்த அம்மையார் மேடையேறி வந்து, குனிந்து, எல்லார் காதிலும் விழும்படி, "சார், எடுக்கட்டுமா?" என்றார்.

அதற்காகத்தானே உங்களை வரவழைத்திருக்கிறார்கள் என்றேன், சற்றுச் சிடுசிடுப்போடு.

"வரச் சொன்னது அவங்க சார். முகம் உங்களோடதுல்லா?"

அவையில் சிரிப்பு எழுந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்று தலையசைத்தேன். அசைத்த மறுகணமே பொன்னாடையை நேராக்கிக்கொண்டு முதுகை நிமிர்த்தியது எனக்கே தெரிந்தது. என் வாழ்நாளில் எடுக்கப்பட்ட படங்களுள் சிறந்தது அதுதான். அவர் எடுத்த படங்களைப் பிற்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் இருக்கிற எல்லாரும் அந்தக் கணத்தில்தான் சரி என்று ஒப்புக்கொண்டவர்கள்போல் இருப்பார்கள். பிடிபட்ட முகம் ஒன்றுகூட இராது.

இந்தக் கேள்வியால் அவர் இழந்த படங்களும் பல. அவர் குலசேகரன்பட்டினத்துக்காரர். ஒரு தசரா சமயம் அங்கே காளி வேடம் கட்டிய ஒருவர் அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தாராம். சுற்றிலும் நூறு பேர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்க, இவர் மட்டும் கேமராவை இறக்கிப் பிடித்தபடி மேளம் ஓயும்வரை அவர் பின்னாலேயே நடந்திருக்கிறார். கடைசியில் அந்த மனிதர் களைத்துப்போய்ப் பன்னீர் சோடா வாங்கிக்கொண்டு ஒரு கடைவாசலில் உட்கார்ந்தபோது போய் எடுக்கட்டுமா என்று கேட்டாராம். ஆடும்போதே எடுத்திருக்கக் கூடாதா தாயி, இப்போது முகத்து மையெல்லாம் வேர்வையில் கரைந்துவிட்டதே என்று அவர் வருந்தினாராம். ஆடும்போது இருந்தது அம்மன் அல்லவா, அம்மனிடம் கேட்டேன், பதில் வரவில்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னவர் அவருடைய கணவர். சொல்லும்போது பெருமைப்படுகிறாரா அலுத்துக்கொள்கிறாரா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. எட்டுக் கைகளோடு சோடா குடிக்கும் அந்தக் காளியின் படம் கடைச்சுவரில் மாட்டியிருந்தது. வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இன்னொரு முறை உப்பு வணிகர் ஒருவரின் அறுபதாம் பிறந்தநாள் விருந்து. குடும்பத்தார் முப்பது பேர் மூன்று வரிசையாக நின்று, சிரித்து, சிரிப்பு உறைந்து காத்திருக்கிறார்கள். பின்னால் தண்ணீர்த் தட்டோடு போய்க்கொண்டிருந்த பரிமாறுகிற ஆள் ஒருவர் கேமராவைப் பார்த்ததும் உள்ளங்கையை உயர்த்தி வேண்டாம் என்று சைகை காட்டினார். கேமராக்காரம்மா கருவியை இறக்கிவிட்டார். அந்த ஆள் முப்பது பேருக்கும் பின்னால் நிதானமாக நடந்து மறுமுனை போய்ச் சேரும்வரை எவரும் அசையவில்லை. அவனுக்காகவா நாங்கள் நிற்கிறோம் என்று வணிகர் கடிந்துகொண்டார். அவரும் படத்தில்தானே இருக்கிறார் என்பதற்கு மேல் இவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆள் பகலில் ஏதோ ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் என்றும், மாலையில் பரிமாறப் போவது அவருடைய மாணவர்களுக்குத் தெரியாது என்றும் பின்பு கேள்விப்பட்டேன். கேமராக்காரம்மாவுக்கும் அது அப்போது தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் முயலவில்லை.

கல்யாண வீடுகளில் க்யூஆர் அட்டை வைக்கும் வழக்கத்தை எங்கள் பகுதிக்குக் கொண்டுவந்தவரும் இவரே. கட்டம் கட்டமாகக் கறுப்புக் குறி அச்சிட்ட சிறு அட்டை ஒவ்வொரு மேசையிலும் நிற்கும். கைப்பேசியை அதன் முன் காட்டினால் அந்தக் கல்யாணத்தின் ஆல்பம் திறந்துகொள்ளும். வந்தவர்கள் யாவரும் பார்க்கலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், தங்கள் கைப்பேசியில் எடுத்தவற்றை அதிலேயே சேர்க்கவும் செய்யலாம்.

என் மகளின் திருமணம் நிச்சயமானபோது மகள் இதையே விரும்பினாள். எனக்கு உடன்பாடில்லை. எங்கள் குடும்பங்களில் ஆல்பம் என்பது அலமாரியில் பூட்டியிருக்கும் பொருள். இன்னார் வந்தால் எடுக்கப்படும், இன்னார் வந்தால் எடுக்கப்படாது. கண்மூடி நிற்கும் சித்தப்பாவும் முகம் திருப்பி நிற்கும் சம்பந்தியும் அதில் ஒட்டப்படுவதே இல்லை. ஒரு குடும்பத்தின் மதிப்பு பாதி அப்படி ஒட்டாமல் விட்ட படங்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே ஒவ்வொரு படமும் நான் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே ஆல்பத்தில் ஏற வேண்டும் என்று நிபந்தனை வைத்தேன்.

கேமராக்காரம்மா மறுப்பாகத் தலையசைக்கவில்லை. மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். அவருடைய விதிகள் அதில் தட்டச்சாகியிருந்தன. எடுக்கும்முன் ஒருவர் வேண்டாம் என்றாலும் எடுக்கப்படாது. எடுத்தபின், அல்லது விருந்தினர் எவரேனும் சேர்த்தபின், அந்தப் படத்தில் இருக்கும் அத்தனை பேரும் வேண்டாம் என்றால்தான் அழிக்கப்படும்.

இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றனவே என்றேன்.

"எடுக்கிற வரைக்கும் முகம் அவங்கவங்களோடது சார். எடுத்துட்டா, அதுல இருக்கிற எல்லாருக்கும் பொதுவாயிரும்."

அப்போது அவர் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். ஒரு கணவனும் மனைவியும் மணமுறிவு பெற்றுவிட்டார்கள். கணவன் கடைக்கு வந்து தங்கள் கல்யாண ஆல்பம் முழுவதையும் அழித்துவிடும்படி கேட்டிருக்கிறான். இவர் அந்தப் பெண்ணை அழைத்துக் கேட்டார். அவள் அழிக்க வேண்டாம் என்றுவிட்டாள். அந்தக் கல்யாணத்தில்தான் அவளுடைய அப்பா வாய்விட்டுச் சிரித்து நிற்கும் ஒரே படம் இருந்தது; அவர் இப்போது இல்லை. கணவன் கீழே மில்லில் நின்றவர்கள் மேலே ஓடிவரும் அளவுக்குச் சத்தம் போட்டானாம். படம் அப்படியே இருந்தது. இதைச் சொல்லும்போது கேமராக்காரம்மாவின் குரலில் வெற்றியும் இல்லை, வருத்தமும் இல்லை. எனக்குத்தான் சற்று உறுத்தியது. இவ்வளவு அழுத்தமான ஒருவரை வீட்டு விசேஷத்துக்குள் விடலாமா என்று தோன்றிற்று. ஆயினும் மகளின் முகத்தைப் பார்த்து, தாளை முழுவதும் இருமுறை வாசித்து, கீழே கையொப்பமிட்டேன்.

லெந்து என்னும் தவக்கால நாட்களில் எங்கள் சபையில் திருமணம் நடத்துவதில்லை. நாற்பது நாட்கள் அடைபட்டிருந்த திருமணங்கள் எல்லாம் ஈஸ்டர் கழிந்ததும் மொத்தமாக அவிழும். ஞாயிறு ஆராதனையில் திருமண அறிவிப்பான ஓலையை வாசிக்க எழுந்த சபைப் போதகர் ஐயர் மூச்சு வாங்கத் தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தார் என்றால் மிகையில்லை. என் மகளின் திருமணம் காலை பத்து மணிக்கு. அதே ஆலயத்தில் பன்னிரண்டு மணிக்கு இன்னொரு திருமணம். அந்த மணமகன், ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரின் மகன்.

அந்தத் தலைமையாசிரியரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நானும் அவரும் சாயர்புரத்தில் ஒரே விடுதி அறையில் தங்கிப் படித்தவர்கள். நாற்பது ஆண்டு நட்பு. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஆலய நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டித் தேர்தலில் நான் நிறுத்திய ஆளுக்கு எதிராக அவர் ஒருவரை நிறுத்தினார், வென்றும் விட்டார். அன்று ஆலய முற்றத்தில், இருதரப்பாரும் சூழ்ந்து நிற்க, இனி இவர் வீட்டுப் பந்தியில் நான் கை நனைக்க மாட்டேன் என்று சொன்னேன். இவருக்கு என் கையால் பச்சைத் தண்ணீர்கூட ஊற்ற மாட்டேன் என்று அவரும் சொன்னார். அன்றிலிருந்து பேச்சில்லை. சொன்ன சொல்லிலிருந்து நான் பிறழ்ந்ததில்லை என்பதை என் தரப்பார் அறிவார்கள். அதை நம்பித்தான் அவர்கள் என் பின்னால் நின்றார்கள். அடுத்த தேர்தலுக்கு இரண்டு மாதமே இருந்தது.

இரு வீட்டாரும் கேமராக்காரம்மாவையே ஏற்பாடு செய்திருந்தது அன்று ஆலயத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆல்பம் இரண்டு, அட்டைகளும் இரண்டு விதம். ஆனால் சபைக்குச் சாப்பாட்டுக் கூடம் ஒன்றுதான். எங்கள் பந்தி முடிந்து அவர்கள் பந்தி தொடங்கும்போது மேசைகளில் அட்டையை மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் கேமராக்காரம்மா கூடத்தில் இல்லை. என் மாமனார் வழியில் ஒரு பெரியவர், எண்பது தாண்டியவர், வேப்பமரத்தடியில் நாற்காலியில் மிக அழகாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விழித்ததும் எடுக்கட்டுமா என்று கேட்பதற்காக இவர் பக்கத்தில் நின்றார். பெரியவர் நாற்பது நிமிடம் தூங்கினார். அதற்குள் அந்தப் பந்தி முழுவதும் உட்கார்ந்து, சாப்பிட்டு, எங்கள் அட்டையைக் கைப்பேசியில் காட்டி, தாங்கள் எடுத்தவற்றையெல்லாம் என் மகளின் ஆல்பத்தில் கொட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையே கேமராக்காரம்மா இரு வீட்டுக்கும் தனித்தனியே வந்து, தவறு தம்முடையது என்று நேரடியாகச் சொன்னார். எந்தப் படம் எந்த வீட்டுக்கு என்று பிரிக்க ஒரு வாரம் ஆகும் என்றார். அந்த ஒரு வாரமும் இரு வீட்டு உறவினர்களும் ஒருவர் கல்யாணத்தை மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் பிரியாணிக்கு ஊற்றிய தாளிச்சா கெட்டியாக இருந்ததாம், நம் வீட்டு மாப்பிள்ளையின் கோட்டு தோளில் தொங்குகிறதாம் என்றெல்லாம் செய்திகள் வந்தன. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் நாசரேத்திலிருந்து என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் பேசினார். இரண்டு பேரும் ராசியாகிவிட்டீர்களாமே, மிகவும் நல்லது என்று வாழ்த்தினார். எனக்குப் புரியவில்லை. ஆல்பத்தைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். கிடைத்தது.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். திருமண வீட்டுக்காரன் எல்லாரும் உண்டபிறகே உண்பான். அன்று வந்தவர்களையெல்லாம் வழியனுப்பிவிட்டு நான் கூடத்துக்குள் வரும்போது எங்கள் பந்தி முடிந்திருந்தது. காலையில் ஒரு வாய்க் காப்பி குடித்ததோடு சரி; கண் இருட்டிக்கொண்டு வந்தது. விரித்திருந்த இலை ஒன்றின் முன் உட்கார்ந்துவிட்டேன். பிரியாணி விழுந்தது, பிசைந்தேன், ஒரு வாய் உண்டேன். இன்னும் கொஞ்சம் என்று ஒரு வாளி என் இலைக்கு மேல் வந்தது. நிமிர்ந்தேன். வாளியைப் பிடித்திருந்தவர் தலைமையாசிரியர்.

அவர் என் இலையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர், "என்னவே, இலையப் பாத்து உக்காந்தீரா, ஆளப் பாத்து உக்காந்தீரா?" என்றார்.

"பசியப் பாத்து உக்காந்தேன்வே" என்றேன்.

சிரித்துவிட்டோம். விடுதியில் சிரித்ததுபோல, வயிறு குலுங்க. அரை நிமிடம் இருக்கலாம். அவர் அடுத்த இலைக்கு நகர்ந்தார், நான் எழுந்து கை கழுவப் போனேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த அரை நிமிடத்தை யாரோ ஒரு விருந்தினர் படம் எடுத்துச் சேர்த்திருந்தார். என் வலக்கை மணிக்கட்டுவரை அவர் வீட்டுப் பிரியாணியில் இருந்தது. என் வாய் திறந்திருந்தது.

நேராக மாவு மில்லுக்குப் போனேன். மாடியேறி, படத்தைக் காட்டி, அழித்துவிடச் சொன்னேன். கேமராக்காரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல யாரெல்லாம் இருக்காங்க சார்?"

இது எங்களைக் கேட்காமல் எடுத்த படம், உம்முடைய விதிப்படியே இது செல்லாது என்று வாதிட்டேன். நான் எடுத்திருந்தால் கேட்டிருப்பேன், வந்து சேர்ந்துவிட்டதே என்றார். தாளை அவர் எடுத்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் சினந்திருப்பேன். அதன் அடியில் என் கையொப்பம் இருப்பது எனக்கு நினைவில்லாமலா போகும்? ஒப்பமிட்டதை மறுத்தால் நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்த வாயிலில் நின்றதற்குப் பொருளில்லை.

தலைமையாசிரியரின் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கதவைத் தட்டினேன். அவருடைய மனைவி திறந்து, நேற்று வந்துபோனவனை அழைப்பதுபோல வாங்கண்ணே என்றார். தலைமையாசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாரும். தண்ணி தரச் சொல்லவா, இல்ல பிரியாணிதான் வேணுமா?"

நின்றபடியே, அலுவலகக் கடிதம் எழுதுவதுபோல மூன்றே வாக்கியங்களில் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"சிரிச்சது ரெண்டு பேரும்வே. தின்னது நீரு மட்டுந்தான். எனக்கென்ன நட்டம்?"

அன்று முற்றத்தில் நான் சொன்னது ஒன்று, நீர் சொன்னது ஒன்று என்று நினைவூட்டினேன். பச்சைத் தண்ணீர்கூட ஊற்றமாட்டேன் என்றவர் நீர். படத்தில் வாளி யார் கையில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் தம் கைப்பேசியை எடுத்தார். படத்தை விரலால் விரித்தார். வாளியை நன்றாகப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் பேச்சில்லை. மில்லை நெருங்கும்போது மட்டும், "வெரசா போம்வே. நம்மள இப்படிச் சேத்துப் பாத்து இன்னொருத்தன் படம் எடுத்துரப் போறான்" என்றார்.

மாடியில் கேமராக்காரம்மாவுக்குப் பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி வீட்டுக்கு அச்சிட்ட ஆல்பம் ஒன்று கொடுக்க வேண்டும். அதற்குப் படம் தேர்ந்தெடுக்க வந்திருக்கிறாள். நாங்கள் இருவரும் ஒன்றாகப் படியேறி வந்ததைப் பார்த்தாள். தன் பக்கத்து முக்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இருவரும் ஒப்புகிறோம், அழித்துவிடுங்கள் என்றேன். ஆமாம்மா, அழிச்சிரு என்றார் தலைமையாசிரியர். கேமராக்காரம்மா சரி என்று படத்தைப் பெரிய திரையில் திறந்தார். எங்கள் கைப்பேசியில் நாங்கள் பார்த்தது நடுவில் இருந்த இருவரை மட்டுமே. திரை முழுவதும் விரிந்தபோது, தலைமையாசிரியரின் தோளுக்குப் பின்னால், கை கழுவும் இடத்து வாசலில், பச்சைப் பட்டு உடுத்திய ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி.

"மூணு பேரு சார்."

அவளுக்கும் சம்மதம்தான் என்றேன். முப்பத்தோராண்டுக் குடும்ப வாழ்க்கையில் பிறர் முன்னிலையில் என் சொல்லுக்கு அவள் மறுசொல் சொன்னதில்லை.

"அவங்க இங்கனதான சார் இருக்காங்க" என்று கேமராக்காரம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். மேடையில் என்னைக் கேட்ட அதே குரலில், "அம்மா, இத அழிக்கட்டுமா?" என்று கேட்டார்.

என் மனைவி திரையைப் பார்த்தாள். எங்களைப் பார்க்கவில்லை.

"வேண்டாம்மா."

கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே அவள் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆறு வருசத்துக்கு முன்ன நீங்க ரெண்டு பேரும் பேசுறதில்லன்னு முடிவு பண்ணுனீங்க. மறுவாரத்துலேருந்து கோயில்ல இந்த அண்ணன் வீட்டுக்காரி ஒரு பெஞ்சு, நான் ஒரு பெஞ்சு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரே ஆட்டோவுல போனவுக, தனித்தனி ஆட்டோவுல போனோம். அப்ப எங்க ரெண்டு பேரையும் யாரும் கேக்கல. இன்னைக்கு இந்தப் பிள்ள கேக்குது. அதனால சொல்லுதேன். இது இருக்கட்டும்."

அவள் குரலில் கோபம் இல்லை. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்த பின்னும் போட்டுக்கொள்ளவில்லை. என்னுடைய சொல் என்று ஆறாண்டு காலம் நான் தூக்கிச் சுமந்ததில் பாதிச் சுமை அவள் தலையில் இருந்திருக்கிறது. அதை நான் பார்த்ததில்லை. ஒரு தாளில் நான்கு வரி தட்டச்சடித்து வைத்திருந்த ஒரு பெண் கேட்டபிறகே அது எனக்குத் தெரிந்தது.

கேமராக்காரம்மா எங்களுக்கு ஆறுதலும் சொல்லவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. சரிம்மா என்று மட்டும் சொல்லி அந்தப் படத்தை மூடப் போனார். அப்போது என் மனைவி, இதில் ஒன்று அச்சிட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். கேமராக்காரம்மாவின் கை நின்றது. நாற்காலி மறுபடியும் எங்கள் பக்கம் திரும்பியது.

"அம்மா ஒரு பிரிண்ட் கேக்காங்க. இதுல இருக்கிறவங்க நீங்க ரெண்டு பேரும். போடட்டுமா?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்தார். என் தரப்பார், தேர்தல், ஆலய முற்றம் எல்லாம் மனத்துக்குள் ஒரு சுற்று வந்து போயின. அன்று முற்றத்தில் சொன்ன சொல்லைப் பொய் சொல்லிக் காக்க முடியாது, படமே இருக்கிறது. இனி யார் கேட்டாலும், ஆமாம், உட்கார்ந்தேன், உண்டேன், நன்றாக இருந்தது என்று சொல்வதைவிட மதிப்பான வழி வேறு இல்லை.

"சம்மதம்" என்றேன்.

"ரெண்டாப் போடும்மா" என்றார் தலைமையாசிரியர். "பெருசா."

அச்சான படங்களை என் மனைவி ஈரம் காயும்வரை விசிறிக்கொண்டிருந்தாள். பிறகு பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் படியிறங்கினாள். நாங்கள் கீழே வந்தபோது அவள் வீட்டுக்குப் போகும் பக்கம் திரும்பாமல், அடுத்த தெருவை நோக்கி விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள்.

எங்கே போகிறாள் என்று நான் கேட்டேன்.

"எங்க வீட்டுக்குத்தான். வேற எங்க போவா?" தலைமையாசிரியர் ஸ்கூட்டரின் பின்னிருக்கையைத் தட்டினார். "வண்டிய எடும்வே. அவுக ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சுட்டா நமக்குக் காப்பி போட ஆள் கிடையாது."